மகரக்கட்டு

வியன்னா நகரைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் இசையைத் தொடாமல் அப்பேச்சை முடிப்பதில்லை. இசையைப் பற்றிப் பேசுவோரும் நெடுநேரம் செல்லுமுன் அந்நகரின் நடுவே நிற்கும் புனித ஸ்தேவான் பேராலயத்துக்கு வந்து சேர்ந்துவிடுகின்றனர். நம் நாட்டுக் கத்தோலிக்க மக்கள் முடியப்பர் என்று வழங்கும் அதே ஸ்தேவான்தான் இவர். ஸ்தெபனோஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு முடி என்பது பொருள். பெயரை ஒலிபெயர்க்காது பொருள்பெயர்த்துக்கொண்ட நம் முன்னோரின் துணிவை நான் எப்போதும் வியப்பதுண்டு. அது நிற்க.

இப்பேராலயத்தோடு தொடர்புடைய இசையாளரின் பெயர்கள் பல. இத்தாலியிலிருந்து வந்து, 1741 யூலை மாதத்தில் இந்நகரில் வறியவராக இறந்த விவால்டிக்கு இறுதிச் சடங்கு நடந்தது இங்கேதான். மொசார்ட் 1782 ஓகஸ்ட் 4ஆம் நாள் மணம் புரிந்ததும் இங்கே. ஒன்பது ஆண்டுகளின் பின் அவரது உடல் இறுதி ஆசி பெற்றதும் இங்கே. ஆயினும் இவர்கள் இவ்வாலயத்துக்கு ஒரு நாள், இரு நாள் விருந்தினரே. இதன் நிழலிலே உண்டு, உறங்கி, அடிபட்டு, பாடி வளர்ந்தவர் வேறொருவர். நூற்றுக்கு மேற்பட்ட சிம்பனிகளையும் அறுபதுக்கு மேற்பட்ட நரம்பிசை நால்வர் ஆக்கங்களையும் உலகுக்குத் தந்த ஜோசப் ஹைடன், எட்டு வயதளவில் இங்கு வந்து, பதினேழு வயதளவில் இங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். நான் காணச் சென்றது அவரது பேராலயத்தை.

மாநாடொன்றின் பொருட்டு வியன்னாவில் நான்கு நாள் தங்கவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் முற்பகலில் ஆய்வுரைகள் இரண்டு இடம்பெறாமற்போகவே, எனக்குச் சில மணிநேரம் கிட்டியது. நிலக்கீழ்ப் புகையிரதத்தில் வந்து, படியேறி வெளியே வந்தால், தூரத்தே தெரிந்து படிப்படியாக நெருங்கும் கோபுரம் என்று எதுவும் இல்லை. தலைக்கு நேர் மேலே கல் நிற்கிறது. நம் ஊர்க் கோபுரங்களை வயல்வெளிக்கு அப்பால் வெகுதொலைவிலிருந்தே கண்டு, நடந்து நெருங்கிப் பழகிய கண்ணுக்கு இத்திடீர்த் தோற்றம் ஒருவகை அச்சத்தையே தந்தது. தெற்குக் கோபுரம் 136 மீற்றர் உயரமானது, 1433இல் நிறைவுற்றது. அதற்கு இணையாகத் தொடங்கப்பெற்ற வடக்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாதி உயரத்திலேயே கைவிடப்பட்டது. பணமும் காலமும் மாறிவிட்டன. அதன்மேல் ஒரு சிறு தொப்பியை வைத்து மூடிவிட்டார்கள். முழுமையுறாத அக்கோபுரம் எனக்கு ஏனோ மற்றையதிலும் பிடித்திருந்தது.

உள்ளே இருள். நூறு மீற்றருக்கு மேற்பட்ட நீளமான மண்டபத்தில், கண் பழகச் சிறிது நேரம் எடுக்கிறது. பயணிகள் திரளாக வருவதால் நடுப்பகுதிக்குக் கட்டணச் சீட்டும் உண்டு, கூட்டங்கூட்டமாக வழிகாட்டிகளும் உண்டு. நானும் ஆங்கிலம் பேசும் குழுவொன்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன்.

இடப்புறச் சுவரிலே ஒரு மனிதர் சாளரம் போன்ற ஒன்றிலிருந்து எட்டிப் பார்க்கிறார். கையில் கவராயமும் மூலைமட்டமும். கட்டடத் தலைவர் அன்டன் பில்கிராம் 1513இல் தம்மைத் தாமே செதுக்கிவைத்த உருவம் அது. அவருடைய தோள்களின்மீதிருந்து கல் விலாக்கள் கிளைத்து மேலெழுந்து ஒரு மேடையைத் தாங்குகின்றன. அம்மேடை ஓர்கன் வாத்தியத்தை ஏந்துவதற்காகச் செய்யப்பட்டது. அந்த ஓர்கன் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அகற்றப்பட்டுவிட்டது. அகற்றப்பட்ட செய்தி அவருக்கு எட்டாதது போலவே முகத்தைச் சுளித்தபடி சுமந்துகொண்டிருக்கிறார். ஹைடன் இங்கு வந்தபோதும் அவர் இவ்வாறுதான் வெறும் மேடையைச் சுமந்துகொண்டிருந்திருப்பார். ஒரு சிறுவன் அம்முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அந்நினைவிலேயே ஒரு கணக்கைப் போடத் தொடங்கினேன். இன்று இங்குள்ளவற்றுள் அச்சிறுவன் கண்டவை எவை? நுண்ணிய வேலைப்பாடுள்ள மணற்கற் பிரசங்க மேடை அன்றும் இருந்தது. அதன் படிக்கட்டுக் கைப்பிடியில் ஒன்றையொன்று கடித்தபடி ஊரும் தேரைகளும் பல்லிகளும் இருந்தன. ஸ்தேவான் கல்லெறியுண்டு சாகும் காட்சியைக் காட்டும் பெரிய பீடம் 1640களில் அமைந்தது, அதனையும் கண்டிருப்பான். ஆனால் தலைக்கு மேலிருந்த கூரை இதுவன்று. 1945 ஏப்பிரலில், நகரம் சோவியத் படையிடம் வீழ்ந்த நாள்களில், அயலிலிருந்த கடைகள் கொள்ளையிடப்பட்டுத் தீ வைக்கப்பட்டபோது, அத்தீ காற்றில் ஏறிப் பேராலயத்தின் கூரையைப் பற்றியது. பல நூற்றாண்டுப் பழைமைவாய்ந்த மரச்சட்டங்கள் காடு எரிவதுபோல் எரிந்து விழுந்தன. 15ஆம் நூற்றாண்டுச் சித்திர வேலைப்பாடமைந்த பாடகர் இருக்கைகள் சாம்பலாயின. பெரிய ஓர்கனும் எரிந்தது. துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி 1711இல் வார்த்த பெருமணி கீழே விழுந்து நொறுங்கியது. அம்மணியின் நாவோசைக்குக் கீழேதான் ஹைடனின் இளமை கழிந்தது.

போரில் தோற்று நாற்கூறாகப் பிரிக்கப்பட்டிருந்த ஒரு நாடு ஏழே ஆண்டுகளில் இதனை மீளக் கட்டியெழுப்பியது. மாகாணத்துக்கு ஒரு பொறுப்பு: ஒன்று மணியைத் தந்தது, ஒன்று தரையைப் பாவியது, ஒன்று சாளரங்களைக் கொடுத்தது. கூரையை மரத்துக்குப் பதிலாக உருக்கினாற் கட்டினார்கள். நொறுங்கிய மணியின் துண்டுகளையே மீண்டும் உருக்கி வார்த்தார்கள். 1952 ஏப்பிரலில் ஆலயம் திறக்கப்பட்டது. ஆகவே, அம்மணியின் உலோகம் ஹைடன் கேட்ட உலோகம், ஓசை வேறு. கல்லும் உலோகமும் எரிந்தபின் எடுத்துக் கட்டத்தக்கவை. 1740களில் இம்மண்டபத்திற் பாடிய குரல்கள் எத்தகையன என்று சொல்ல யாரிடம் என்ன உண்டு?

சிறுவனின் கதைக்கு வருவோம். ஹைடன் 1732 மார்ச் 31ஆம் நாள், ஹங்கேரி எல்லையை அண்டிய றோறவ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தை வண்டிச்சில்லுச் செய்யும் தச்சர். சுரக்குறி வாசிக்கத் தெரியாமலே யாழ் போன்ற ஹார்ப் வாத்தியத்தை மீட்டிப் பாடுபவர். தாய் பிரபு ஒருவரின் மாளிகையிற் சமையல் வேலை பார்த்தவர். மகனுக்குக் குரல் உண்டென்று கண்டதும், ஆறு வயதளவில், ஹைன்பேர்க் என்னும் ஊரிற் பாடசாலை நடத்திய உறவினரொருவரிடம் அவனை ஒப்படைத்தனர். அதன்பின் அவன் பெற்றோரோடு வாழவே இல்லை. அவ்வாசிரியரிடம் உணவிலும் பார்க்க அடியே அதிகம் கிடைத்ததாக முதுமையில் ஹைடன் நினைவுகூர்ந்தார். ஆயினும் அவ்வளவு கற்பித்ததற்காக நன்றியும் கூறினார்.

வியன்னாப் பேராலயத்தின் இசைத்தலைவரான கியோர்க் றொய்ற்றர் நல்ல குரல்களைத் தேடி ஊரூராகச் சென்று வருபவர். ஹைன்பேர்க்கில் இச்சிறுவனைக் கேட்டார். குரலை இரு சுரங்களிடையே விரைந்து அதிரவைக்கும் ட்றில் என்னும் அணியைப் பாடத் தெரியுமா என்று வினவ, அது என் ஆசிரியருக்கே தெரியாதே என்று சிறுவன் விடையிறுத்தானாம். றொய்ற்றர் பாடிக் காட்டினார். சில முயற்சியிலேயே சிறுவன் பிடித்துக்கொண்டான். பரிசாகக் கிடைத்தவை செர்ரிப் பழங்கள். இக்கதைகளையெல்லாம் நாம் அறிவது, இறுதிக் காலத்தில் ஹைடனை அடிக்கடி சென்று கண்டு, அவர் கூறியவற்றை 1810இல் நூலாக்கிய கிரீசிங்கர், டீஸ் என்னும் இருவர் வாயிலாகவே. கிழவர் ஒருவரின் ஞாபகமும் கேட்டு எழுதியோரின் சுவையுணர்வும் அவற்றிற் கலந்திருத்தல் இயல்பு. எனினும் பசியைப் பற்றி அவர் சொன்னவற்றை நான் அப்படியே நம்புகிறேன். பசியை யாரும் அழகுக்காகக் கற்பிப்பதில்லை.

பாடற்சிறுவர் ஒரு சிலரே. பேராலயத்தை ஒட்டி நின்ற இசைத்தலைவரின் இல்லத்தில் அவர்கள் அனைவரும் தங்கினர். நாள்தோறும் வழிபாட்டிற் பாடவேண்டும். அரசவை விழாக்களிற் பாடவேண்டும். செல்வர் வீட்டு நிகழ்ச்சிகளிலும் பாடவேண்டும். இல்லத்தில் உணவு போதாமையால், வெளிவீடுகளிற் பாடச் செல்வதில் ஹைடன் பேரார்வங் காட்டினாராம். அங்கே சிற்றுண்டி கிடைக்கும். குரல் எவ்வளவு இனிதாகிறதோ அவ்வளவுக்கு அழைப்பும், அழைப்பின் அளவுக்கு உணவும். சுருதி சேர்வதற்குப் பசியைப் போன்ற ஆசிரியர் இல்லையென்று நகைச்சுவையாகச் சொல்லிவிடலாம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையை எண்ணும்போது சிரிப்பு வரவில்லை.

விவால்டியின் இறுதிச் சடங்கிற் பாடிய சிறுவர்களுள் ஹைடனும் ஒருவர் என்ற செய்தியைப் பல நூல்களிற் காணலாம். எங்கள் வழிகாட்டியும் அதனைச் சொன்னார். இத்தாலியப் பேரிசையின் முடிவும் வியன்னாப் பேரிசையின் தொடக்கமும் ஒரு சவப்பெட்டியின் இருபுறமும் நின்றன என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஏழைகளுக்குரிய எளிய சடங்கு; பாடல் எதுவும் இடம்பெற்றதற்குச் சான்றில்லை. பெரும்பாலும் அச்சிறுவன், அன்று அயலில் எங்கோ, யாரென்று அறியாத ஒருவருக்காகச் சிறுமணி ஒலிப்பதைக் கேட்டிருப்பான், அவ்வளவே.

கல்வியைப் பொறுத்தவரை, குரற்பயிற்சியும் வயலினும் விசைவாத்தியமும் நல்ல ஆசிரியர்களிடம் கிடைத்தன. இசையாக்க இலக்கணத்தில் றொய்ற்றரிடம் தாம் பெற்ற பாடங்கள் இரண்டே இரண்டு என்று ஹைடன் கூறினார். ஒன்பது ஆண்டுகளில் இரண்டு பாடங்கள்! இந்த எண்ணிக்கையைப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் எவரும் சற்று நின்று யோசிக்காமற் கடந்துவிட முடியாது. ஆனால் அதே ஹைடன் வேறொன்றையும் சொன்னார்: தாம் கற்றதிலும் பார்க்கக் கேட்டது மிகுதி; அக்காலத்தில் வியன்னாவிற் கேட்கக் கிடைத்த சிறந்தவற்றையெல்லாம் கேட்டதாகவும், பயன்படத்தக்கதைத் தமக்கென எடுத்துக்கொண்டதாகவும். கற்பிக்கப்படாத ஒன்றை இக்கற்சுவர்களுக்குள் நின்று ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறான். 1776இல் தாமே எழுதிய சுருக்கமான தன்வரலாற்றில் றொய்ற்றரின் பெயரைக் கசப்பேதுமின்றிக் குறிப்பிடுகிறார். அந்த நிதானம் என்னை மிகவும் கவர்ந்தது.

பின்னர் குரல் உடைந்தது. ஆண்பிள்ளைகளின் குரல் பருவமாற்றத்திற் கரகரத்துத் தடிப்பதை மகரக்கட்டு என்போம். பழைய நாடகக் கம்பனிகளில் பெண்வேடமிட்டுப் பாடிய பையன்கள் இச்சொல்லைக் கேட்டாலே நடுங்குவர். வியன்னாவிலும் அதுவே நிலை. மூத்தவனின் குரல் தளர்ந்தபோது தம்பி மிக்கேலின் குரல் மலர்ந்திருந்தது. அவனும் இங்கேயே சேர்க்கப்பட்டிருந்தான். மூத்தவன் பாடவில்லை, கூவுகிறான் என்று பேரரசி மரியா தெரேசா குறிப்பிட்டதாகவும், பாட்டுக்கள் தம்பிக்கு மாற்றப்பட்டதாகவும் கதை. அத்தம்பி ஒரு பெருவிழாவிற் பாடி 24 தங்கநாணயம் பரிசு பெற்றான். இவ்வளவு பணத்தை என்ன செய்வாய் என்று றொய்ற்றர் கேட்டாராம். அப்பாவின் மாடோ குதிரையோ ஒன்று செத்துப்போயிற்று, பன்னிரண்டை அவருக்கு அனுப்புகிறேன்; மற்றப் பன்னிரண்டையும் என் குரலும் உடையும்வரை நீங்களே வைத்திருங்கள் என்று அவன் சொன்னானாம். றொய்ற்றர் வாங்கி வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்க மறந்துபோனார்.

என் குரலும் உடையும்வரை. தமையனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தன் நாள் எண்ணப்பட்டிருப்பது தெரிந்திருக்கிறது.

பாடற்சிறுவன் ஒருவனின் குரல் உடையாமற் காக்க அக்காலத்தில் வேறொரு கொடிய வழியும் இருந்தது. இத்தாலியில் ஆயிரக்கணக்கான சிறுவர்க்குச் செய்யப்பட்ட அவ்வறுவைச் சிகிச்சையை ஹைடனுக்கும் செய்யலாம் என்று பேச்செழுந்ததாகவும், தந்தை பதறியடித்து வந்து தடுத்ததாகவும் கிரீசிங்கர் எழுதுகிறார். எழுதப் படிக்க அதிகம் அறியாத அத்தச்சர் ஊரிலிருந்து வியன்னாவுக்கு வந்த அப்பயணத்தை எண்ணிப் பார்க்கிறேன்.

முடிவு சில்லறையான ஒரு குறும்பினால் வந்தது. முன்னிருந்த பையனின் பின்னற்சடையைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டார் ஹைடன். கையிற் பிரம்படி என்று தீர்ப்பாயிற்று. அடிபடுவதிலும் போய்விடுவது மேல் என்றார். முதலில் அடி, பிறகு போ என்றார் றொய்ற்றர். 1749ஆம் ஆண்டளவில், குளிர் தொடங்கும் பருவத்தில், பழைய சட்டைகள் சிலவும் தேய்ந்த மேலங்கியொன்றுமாகத் தெருவில் நின்றார்.

இவ்விடத்தில் எங்கள் வழிகாட்டி குடையை உயர்த்திக் கூட்டத்தைத் தம் பக்கம் திருப்பி, இசைக்கு இப்பேராலயம் செய்த மிகப் பெரிய தொண்டு அவரை வெளியே தள்ளியதுதான் என்றார். எல்லோரும் சிரித்தனர். சிரிக்கத்தக்க வசனமே, பலமுறை சொல்லிப் பண்பட்டிருந்தது. நான் குழுவிலிருந்து விலகி ஒரு தூணருகே அமர்ந்துகொண்டேன்.

பதின்மூன்று வயதுவரை எனக்கும் ஒரு குரல் இருந்தது. பாடசாலையில் வெள்ளிக்கிழமைதோறும் பூசையில் தேவாரம் ஓதுவது நானே. ஊர்க் கோயிற் திருவிழாவிலும் முதிய ஓதுவாரின் அருகில் எனக்கோர் இடம் இருந்தது. பெரியோர் என் பெயரைச் சொல்லவில்லை. பாடுகிற பொடியன் என்றே சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வேறொருவனின் பெயர் அழைக்கப்பட்டது. அதிற் குற்றம் எதுவுமில்லை. குரல் உடைந்துவிட்டது, வேறென்ன செய்வது? யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. ஆனால், அதன்பின் எவரும் என்னிடம் பாட்டைப் பற்றியும் பேசவில்லை. பண்களின் பெயர்கள், எந்தப் பதிகம் எந்தப் பண் என்ற கணக்கு, தாளத்தின் நுட்பம் எல்லாம் என் தலையில் இருந்தன. அவற்றை யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வேண்டப்பட்டது தொண்டை, தலை அதனோடு கூடவே வந்த ஒன்று. நான் ஹைடன் அல்லன். எனவேதான் அவ்வழிகாட்டியின் வசனம் எனக்கு உறைத்தது.

வெளியே தள்ளப்பட்டதால் ஹைடன் ஹைடனானார் என்றால், அவரோடு அதே இல்லத்தில் அரைவயிறாகக் கிடந்து, அதே போலக் குரல் உடைந்து, அதே வாசலால் வெளியேறிய மற்றப் பிள்ளைகள் என்னவானார்கள்? அவருக்கு முன்னும் பின்னுமாக நூற்றாண்டுக் கணக்கில் இங்கே பாடிப் போனவர்கள்? ஒருவர் மீண்டெழுந்தார் என்பதைக் கொண்டு தள்ளிவிட்ட கைக்கு நன்றி சொல்வோமானால், எழாதவர்களை அக்கை என்ன செய்தது என்றும் கேட்டாக வேண்டும். அவர்களுக்குக் கதையில்லை, கிழவயதில் வந்து கேட்டு எழுத யாரும் வரவில்லை. நறுக்கப்பட்ட சடைக்கு உரிய பையனின் பெயர்கூட எந்த வழிகாட்டியின் வாயிலும் இல்லை. துன்பம் மேதைமையை வளர்க்கும் என்ற எண்ணம் கற்றோரிடையே பெருமதிப்புப் பெற்றது. அதனை நம்புவோர் பெரும்பாலும் துன்பத்தைக் கொடுக்கும் நிறுவனங்களின் உள்ளிருப்போரே என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

உண்மையில் ஹைடனைத் தாங்கியது தெருவன்று. ஸ்பாங்கிளர் என்ற ஓர் ஏழைப் பாடகர், மனைவியும் கைக்குழந்தையுமாகத் தாம் வாழ்ந்த சிற்றறையில் இந்தப் பையனுக்கும் படுக்க இடம் கொடுத்தார். பல ஆண்டுகளின் பின், எஸ்ரர்ஹாசி பிரபுவின் இசைத்தலைவராக ஹைடன் உயர்ந்திருந்தபோது, அந்த ஸ்பாங்கிளரின் மகள் அங்கே பாடகியாக அமர்த்தப்பட்டார். பேராலயத்தை விடுத்து, இச்சிற்றறையை யாராவது சுற்றிக் காட்டினால் நான் மகிழ்ந்து கட்டணம் செலுத்துவேன்.

வெளியே வந்து வடபுறமாகச் சுற்றி நடந்தேன். குதிரை வண்டிகள் வரிசையாகப் பயணிகளுக்குக் காத்து நிற்கும் பக்கம் அது. நிலவறைகளுக்குச் செல்லும் வழியருகே, வெளிச்சுவரை ஒட்டி, சிலுவைச் சிற்றாலயம் ஒன்றுண்டு. 1791 டிசம்பர் 6ஆம் நாள் மொசார்ட்டின் உடலுக்கு ஆசி வழங்கப்பட்ட இடம். சடங்குச் செலவு எட்டு புளோரினும் ஐம்பத்தாறு குரொய்சரும். வண்டிக்கு மூன்று புளோரின் வேறு. அன்று பனிப்புயல் வீசியதாகவும், உடன்வந்தோர் பாதி வழியில் திரும்பியதாகவும் சொல்லப்படும் கதை பொய். அன்று காலநிலை சாந்தமாகவே இருந்ததாக அக்கால நாட்குறிப்பொன்று காட்டுகிறது.

அதிகம் பேசப்படாத ஒரு செய்தி என்னை அங்கு நிறுத்திவைத்தது. அவ்வாண்டு இளவேனிலில், இதே பேராலயத்தின் இசைத்தலைவர் லெயோபோல்ட் ஹொப்மன் நோயுற்றிருந்தார். அவருக்கு உதவியாளராக, சம்பளமின்றிப் பணியாற்றத் தமக்கு அனுமதி தருமாறு மொசார்ட் நகரசபைக்கு விண்ணப்பித்தார். பிகாரோவையும் டொன் ஜியோவானியையும் இயற்றி முடித்தவர் சம்பளமில்லாத உதவிப் பதவிக்கு விண்ணப்பம் எழுதுகிறார். தலைவர் இறந்தால் அவ்விடம் தமக்கு வரும். ஆண்டுக்கு 2000 புளோரின் வருமானம். மே மாதத்தில் நகரசபை இசைந்தது. ஆனால் ஹொப்மன் குணமடைந்து 1793வரை வாழ்ந்தார். மொசார்ட் அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தார். முப்பத்தைந்து வயது. அன்றைய நகரசபையினரைக் குறைசொல்ல எனக்கு வழி தெரியவில்லை, விதிப்படி நடந்திருக்கிறார்கள். விதிப்படி நடப்பதென்றால் என்னவென்று நம்முள் விண்ணப்பம் எழுதிக் காத்திருந்தோருக்குத் தெரியும்.

ஹைடன் வளர்ந்த இல்லத்தைத் தேடினேன். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இடிக்கப்பட்டுவிட்டது. இருந்த இடம் இப்போது மக்கள் நடக்கும் கற்றளம். அவர் நடந்திருக்கக்கூடிய திசையில் நடந்தேன்: கிராபன் வீதி, கோல்மார்க்ட், இறுதியில் மிக்கேல் சதுக்கம். அங்கே ஆலயத்தின் அருகிலுள்ள பெரிய வீட்டில், கூரையை அடுத்த குளிர்ந்த அறையொன்றில், பழைய விசைவாத்தியமொன்றோடு சில ஆண்டுகள் வாழ்ந்தார். பத்து நிமிட நடைதான். அதே வீட்டின் வசதியான தளத்திற் பெரும்புலவர் மெற்றஸ்தாசியோ வாழ்ந்தார். அவர் மூலம் போர்போரா என்ற இத்தாலிய இசையாசிரியரிடம் ஹைடன் வாத்தியம் வாசிப்பவராகவும், ஏறத்தாழ வேலைக்காரனாகவும் சேர்ந்தார். அவரது பாதணியைத் துடைத்து, வசைகளை ஏற்று, இசையாக்க இலக்கணத்தை அவரிடமே முறையாகக் கற்றதாகச் சொன்னார். 1760இல் மணம்முடிக்கும் நாள் வந்தபோது, தம்மை வெளியேற்றிய அதே பேராலயத்தின் பீடத்தின்முன் வந்து நின்றார்.

அன்று மாலை விடுதி அறையில், ஹைடன் 1749ஆம் ஆண்டளவில் இயற்றிய சிறு பூசையிசை ஒன்றைக் கேட்டேன். எஃப் சுரத்தில் அமைந்தது. பன்னிரண்டு நிமிடங்கள் வரையே நீளும். அவரது மிக முந்திய ஆக்கங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. குரல் உடைந்த அல்லது உடைந்துகொண்டிருந்த காலத்தது. தனிப்பாடகர் இருவருக்கு உரிய பகுதிகள் அதில் உள்ளன. இரண்டும் உச்சக்குரலான சோப்பிரானோ. தமையனும் தம்பியும் பாடுவதற்காகவே அது எழுதப்பட்டது என்று ஊகிப்போர் உளர், சான்றில்லை. ஒரு குரல் எழும், மற்றது அதனைத் தொட்டுக்கொண்டு உடன் எழும், இரண்டும் கைகோத்து இறங்கும். வழிபாட்டு வாசகம் நீண்டதாயுள்ள இடங்களில், வெவ்வேறு குரல்கள் வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்திற் பாடி விரைவாக முடித்துவிடுகின்றன. பசியோடு நிற்கும் பிள்ளைகள் எழுதியது என்று சொல்லத் தோன்றும். இறுதியில் அமைதி வேண்டும் பகுதிக்கு, தொடக்கத்து இரங்கல் வேண்டுதலின் இசையே மீண்டும் வருகிறது.

அந்த ஆக்கம் காணாமற்போய், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின், 1805இல் மீண்டும் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு எழுபத்துமூன்று வயது. புதிதாக எதையும் இயற்ற வலுவில்லை. அதிலுள்ள மெட்டும் ஓர் இளமைச் சூடும் தமக்குப் பிடித்திருப்பதாகப் பார்க்க வந்தோரிடம் கூறினார். காற்றுவாத்தியங்களுக்கு உரிய பகுதிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. தம்பி மிக்கேல் அவ்வேளையில் சால்ஸ்பேர்க்கில் இசையாளராகவே முதுமையுற்று உயிரோடிருந்தார். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் இறந்தார்.